பத்தாம் வகுப்புல பரிணாமம் பாடம் திரும்ப வரணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கல் லீவுக்கு பெரம்பலூர் பக்கம் அண்ணன் வீட்டுக்கு போயிருந்தோம். பருத்திக்காட்டுல அண்ணன் ஒரு காயை உடைச்சு காட்டினார், வெளிய பாத்தா நல்ல காய்தான், உள்ள பஞ்செல்லாம் கறை, விதையை குடைஞ்சு தின்னுட்டு ரோஸ் கலர்ல ஒரு புழு நெளியுது. "இது பி.டி. பருத்திதானே பெரியப்பா, புழு செத்துடும்னாங்களே?"ன்னு என் பொண்ணு கேட்டா. "முன்னாடி செத்துச்சும்மா, இப்ப அதுக்கு பழகிடுச்சு"ன்னார்.

பழகலைங்க. பி.டி. பருத்தின்னா புழுவை கொல்ற விஷம் செடிக்குள்ளயே உண்டாகுற மாதிரி மரபணு மாத்தின பருத்தி. அந்த விஷத்தை தாங்குற புழு அங்கொண்ணு இங்கொண்ணு முதல்லயே இருந்திருக்கு, மத்ததெல்லாம் சாக சாக அதுங்களோட வாரிசு மட்டும் பெருகி காடு முழுக்க நிறைஞ்சிடுச்சு. இதுக்கு பேர்தான் இயற்கைத் தேர்வு, பரிணாமம் இப்படித்தான் நடக்குதுன்னு டார்வின் 1859ல எழுதினது. சிபிஎஸ்இ பத்தாவது படிக்கிற என் பொண்ணுக்கு இது தெரியல, ஏன்னா அவ புத்தகத்துல இல்ல. கொரோனா நேரத்துல பாடச்சுமையை குறைக்கிறோம்னு ஆரம்பிச்சாங்க, 'மரபும் பரிணாமமும்'னு இருந்த பாடம் இப்ப வெறும் 'மரபு'ன்னு நிக்குது. 2023ல 1800க்கு மேல விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்து போட்டு கேட்டும் திரும்ப வரல.

பரிணாமம் வெறும் தியரிதானே, அதை உண்மைன்னு எப்படி சொல்லித்தரலாம்னு கேக்கறாங்க. 2018ல மத்திய இணையமைச்சரா இருந்த சத்யபால் சிங்கே, குரங்கு மனுஷனா மாறினதை யாரும் பாக்கல, பாடத்தை மாத்தணும்னு பேசினார், நாட்டோட மூணு அறிவியல் அகாடமியும் சேந்து மறுப்பு சொன்னாங்க. நம்ம பேச்சுல தியரின்னா பிராக்டிகலுக்கு ஒத்துவராததுன்னு ஒரு அர்த்தம் இருக்கு, குழப்பமே அங்கதான். புழு சாகலைங்கறது உண்மை. ஏன் சாகலைன்னு சொல்லி, அடுத்து என்ன நடக்கும்னும் சொல்லி, அது அப்படியே நடந்தா அதுதான் அறிவியல்ல கோட்பாடு.

பி.டி. விதை 450 கிராம் பாக்கெட்டோட 120 கிராம் சாதா பருத்தி விதையும் குடுத்தாங்களே, ஓரத்துல விதைக்க சொல்லி, ஞாபகம் இருக்கா? அதுல விஷம் தாங்காத புழு பொழைக்கும், அது தாங்குற புழுவோட சேர்ந்தா பொறக்குற குட்டிங்க பெரும்பாலும் விஷத்தை தாங்காது, அதனால எதிர்ப்பு சீக்கிரம் பரவாது. அரசாங்கம் போட்ட அந்த விதியே பரிணாமத்தை நம்பி போட்டதுதான். நிறைய பேர் அந்த பாக்கெட்டை தூக்கி போட்டுட்டாங்க, எதுக்குன்னு யாரும் அவங்களுக்கு புரியற மாதிரி சொல்லல.

அதுக்காக வேதவாக்கு மாதிரி சொல்லித்தரணும்னு நான் கேக்கல. டார்வினுக்கு முன்னாடியே பரிணாமத்துக்கு வேற விளக்கம் சொன்ன லாமார்க்கையும் டார்வினையும் அஞ்சு மார்க்குக்கு நெட்டுரு போட்டு எழுதினவன்தான் நானும், ஒட்டகச்சிவிங்கி கழுத்து எப்படி நீண்டுச்சுன்னு ரெண்டு பேர் சொன்னதையும் எழுதுவேன், எது சரி, அது எப்படி தெரிஞ்சுதுன்னு எங்க வாத்தியாரும் சொல்லல நானும் கேக்கல. என்ன ஆதாரம், எது வந்தா இந்த கோட்பாடு தப்பாகும், இன்னும் எது தெரியல, இதையும் சேர்த்து வைங்க. அந்த காய்ப்புழுவையே பாடத்துல வைங்களேன், பருத்தி போடுற ஊர் பிள்ளைங்க கையிலயே எடுத்துட்டு வருவாங்க.

பன்னெண்டாவது பயாலஜியில பரிணாமம் இருக்கேன்னு பதில் சொல்றாங்க. என் பொண்ணு காமர்ஸ் எடுக்கப்போறா சார், அவளுக்கு பத்தாவதுதான் கடைசி அறிவியல் புத்தகம்.

இப்படிக்கு,
ஒரு அப்பா, திருச்சி