ஏழு அங்குலத் திரையில் தமிழ்: இணையத்தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் இணையத்தளங்களை நடத்தும் அமைப்புகளுக்கும், அவற்றை வடிவமைத்துத் தரும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

கையில் பிடித்து விளையாடும் கேம் கன்சோலில் யார் தமிழ் படிக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். படிக்கிறார்கள். ஸ்டீம் டெக், ஏசுஸ் ஆர்ஓஜி அலை (ROG Ally) போன்றவை பெயரளவில்தான் விளையாட்டுக் கருவிகள். உள்ளே இருப்பது முழுக் கணினி. விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு அதே திரையில் செய்தி பார்க்கலாம், சொல்லுக்குப் பொருள் தேடலாம், ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிக்குப் பதிவு செய்யலாம். கருவி இடம் கொடுக்கிறது. இடறுவது நம் தமிழ்ப் பக்கங்கள்தான்.

நீங்கள் கைப்பேசியில் சோதித்திருப்பீர்கள், மேசைக்கணினியிலும் சோதித்திருப்பீர்கள். கையடக்க கன்சோல் இந்த இரண்டிலும் சேராதது. கைப்பேசி நிமிர்ந்து நிற்கும், கன்சோல் படுத்துக் கிடக்கும். 2022இல் வந்த ஸ்டீம் டெக்கின் திரை 7 அங்குலம், 1280×800 பிக்சல். அதில் ஓடும் ஃபயர்ஃபாக்ஸ் தன்னை லினக்ஸ் மேசைக்கணினி என்றே உங்கள் தளத்திடம் சொல்லிக்கொள்ளும். அகலம் 1280 என்று கேட்டதும் உங்கள் தளம் மடிக்கணினிக்கான அமைப்பை எடுத்து நீட்டும். அருகருகே மூன்று பத்தி, பக்கப்பட்டை, சுட்டியைக் கொண்டுபோனால் விரியும் பட்டியல், எல்லாமே ஏழு அங்குலத்துக்குள் வந்து நெரியும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்தத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 215 பிக்சல். 16 பிக்சல் என்று வைத்த எழுத்துக்குக் கிடைக்கும் கட்டம் 1.9 மில்லிமீட்டர், எழுத்தின் உடல் அதைவிடவும் சிறியது. ஆங்கிலம் இதை ஒருவாறு தாங்கும். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. பிறகு சுழிகள் ஒட்டிக்கொள்ளும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒரே கறையாகத் தெரியும். மணம் எது, மனம் எது என்பதை வாசகர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். 22 பிக்சலுக்கு ஏற்றினால் கட்டம் 2.6 மில்லிமீட்டர் ஆகும், சுழிகள் பிரியும். வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.6 மடங்காவது இருக்கட்டும். 1.2 என்று ஆங்கிலக் கணக்கில் வைத்து, பெட்டிக்கு வெளியே போவதை வெட்டவும் சொல்லிவிட்டால், மேலே புள்ளியும் கீழே கூ, மூ ஆகியவற்றின் வாலும் நறுக்கப்படும். தலைப்புப் பெட்டிகளில் இது அன்றாடம் நடக்கிறது.

'அகலம் குறைந்தால் எழுத்தைப் பெரிதாக்கு' என்று மட்டுமே, தளத்தின் தோற்றத்தை வகுக்கும் உங்கள் சிஎஸ்எஸ் கோப்பில் எழுதியிருக்கும். கன்சோலில் அகலம் குறைவதில்லை, உயரம்தான் குறைகிறது. ஆகவே உயரத்தையும் கேளுங்கள். மேசை நிலையில், அதாவது கன்சோலைக் கணினிபோல் இயக்கும் நிலையில், 800 பிக்சலில் பணிப்பட்டை, தாவல் வரிசை, முகவரிப் பட்டை எல்லாம் போக 650 அளவில் மிஞ்சும். அதில் நகராத தலைப்பட்டைக்கு 120, அடியில் குக்கி அனுமதிப் பட்டைக்கு 150 என்று எடுத்துக்கொண்டால் கட்டுரைக்கு 380தான். 22 பிக்சல் எழுத்தில் அது பத்து, பதினோரு வரி. உயரம் 800 அல்லது அதற்குக் கீழ் என்றால் தலைப்பட்டை பக்கத்தோடு மேலே நகர்ந்து போகட்டும். ஒரு வரி மாற்றம், அவ்வளவே.

அடுத்தது எழுத்துரு. வாசகரின் கருவியில் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். விண்டோஸில் ஓடும் கையடக்கக் கருவிகளில் நிர்மலா யுஐ இருக்கிறது, கவலையில்லை. லினக்ஸ் கருவியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நிண்டெண்டோ ஸ்விட்சின் கணினி எழுத்துருக்களில் ஜப்பானியம், சீனம், கொரியம், லத்தீன் உண்டு, தமிழ் இல்லை. எழுத்துரு இல்லாத இடத்தில் வாசகர் காண்பது வரிசை வரிசையாய்க் கட்டங்கள்.

ஸ்டீம் டெக்கில் கட்டம் தெரிந்தால் வாசகர் தாமே சரிசெய்துகொள்ள வழி உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துருவின் கோப்பைப் பயனரின் சொந்த அடைவில் உள்ள எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிட்டு உலாவியை மூடித் திறந்தால் போதும். கணினிப் பகுதிக்குள் போட முயலக்கூடாது: கருவியின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ் அதைப் பூட்டி வைத்திருக்கிறது, பூட்டைத் திறந்து போட்டாலும் அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வாசகரையும் இதைச் செய்யச் சொல்வது நியாயமா? எழுத்துருவை உங்கள் தளமே அனுப்பிவிடலாம். தமிழ் யூனிகோடு தொகுதியில் குறிகள் மொத்தம் 72தான். சீன எழுத்துருபோல மெகாபைட் கணக்கில் போகாது, இணைய எழுத்துருவுக்கான வாஃப்2 வடிவில் சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடும்.

கோப்பை இன்னும் சிறிதாக்குகிறேன் என்று கை வைக்கிறவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்கவேண்டும். எழுத்துருக் கோப்புக்குள் ஜிசப் என்று ஓர் அட்டவணை உண்டு. ககரமும் உகரக் குறியும் சேர்ந்தால் 'கு' என்ற ஒரே வடிவமாக மாறவேண்டும் என்று சொல்வது அதுதான். தேவையற்றது என்று அதை வெட்டிவிட்டால் கு, டு, மு எல்லாம் உடைந்து, மெய் ஒரு பக்கம் குறி ஒரு பக்கமாக நிற்கும். தமிழ் தெரியாத ஒருவர் பார்த்தால் பிழை கண்ணில் படவே படாது. வெளியிடுமுன் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரு பத்தியாவது பார்க்கட்டும்.

தேடல் பெட்டி தனிக் கதை. ஸ்டீம் டெக்கில் ஸ்டீம் பொத்தானையும் எக்ஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திரைவிசைப்பலகை எழுந்து திரையின் கீழ்ப்பாதியை மூடிக்கொள்ளும். உங்கள் பெட்டி அந்தப் பாதியில் இருந்தால் என்ன தட்டுகிறோம் என்றே தெரியாது. பெட்டியை மேலே வையுங்கள். அதைவிட நல்லது, தட்டாமலே தேட வழிசெய்வது. அகராதியோ நூல்பட்டியலோ நிகழ்ச்சிப் பட்டியலோ, 12 உயிரும் 18 மெய்யும் 30 பொத்தான்கள். 'க' என்பதை அழுத்தினால் க, கா, கி, கீ வரிசை விரியட்டும். திசைப்பொத்தானால் இரண்டு மூன்று நகர்த்தலில் வேண்டிய சொல்லுக்குப் போய்விடலாம். கிரந்தத்துக்கு ஒரே பொத்தான் போதும்.

தேடும்போது இன்னொன்றும் கெடுகிறது. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட், மற்றது 9. ஒரு விசைப்பலகையில் ஏற்றிய தரவை மற்றொன்றில் தேடினால் 'கிடைக்கவில்லை' என்று பதில் வரும். தேடும் சொல்லையும் தரவையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இனிச் சுவரொட்டிக்கு வருகிறோம். எங்கள் பெரிய மனக்குறை இதுதான்.

நிகழ்ச்சி அறிவிப்பு என்றால் பக்கத்தில் ஒரே ஒரு படம்: தேதி, நேரம், இடம், பேச்சாளர், பதிவுக்கான முகவரி அனைத்தும் அதற்குள். 3000×4000 பிக்சல் படம் ஜேபெக் கோப்பாக 600 கிலோபைட் இருக்கலாம். உலாவி அதை விரிக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் வீதம் 4 கோடியே 80 லட்சம் பைட் நினைவகம் வேண்டும். கோப்பின் எடையைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஸ்டீம் டெக்கில் 16 ஜிகாபைட் நினைவகம் இருப்பதால் படம் திறக்கும், ஆனால் படிக்க முடியாது: 4000 பிக்சல் உயரத்தை 800க்குள் அடக்கினால் ஐந்தில் ஒரு பங்கு. படத்தில் 60 பிக்சலாக இருந்த எழுத்து 12 ஆகி, 1.4 மில்லிமீட்டரில் நிற்கும். பெரிதாக்கினால் வரியின் தொடக்கம் தெரியும்போது முடிவு தெரியாது. அந்த எழுத்தைத் தேடவும் முடியாது, முகவரியைச் சொடுக்கவும் முடியாது. பார்வை குறைந்தவர்களின் திரைவாசிப்பான் அங்கே வாய் திறக்காது.

1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடு இதே ஊரில்தான் கூடியது. தமிழை எந்தக் குறியீட்டில், எந்த விசைப்பலகையில் கணினிக்குள் ஏற்றுவது என்று தலையை உடைத்துக்கொண்டார்கள். இன்று குறியீடும் இருக்கிறது, விசைப்பலகையும் இருக்கிறது. நாமோ எழுத்தைப் படமாக்கி ஒட்டுகிறோம். சுவரொட்டி இருக்கட்டும், அழகுதான். அதற்கு மேலே ஐந்து வரி எழுத்தாக இருந்தால் போதும். படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துப் போடுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப் கோப்புகளும் இப்படித்தான். பார்வைக்குத் தமிழ், நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

உங்களில் சிலர் அரங்கமும் நடத்துகிறீர்கள், அங்கே வைஃபையும் தருகிறீர்கள். கன்சோல் வைஃபையில் சேர்ந்ததும் தன் நிறுவனத்தின் சோதனைப் பக்கம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கும். எதிர்பார்த்த விடை வராமல் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டால், 'உள்நுழைய வேண்டும்போல' என்று புரிந்துகொண்டு சிறு உலாவியைத் திறக்கும். ஸ்விட்சின் பட்டியலில் உலாவி கிடையாது. இதுபோன்ற வேலைகளுக்காக மட்டும் அது உள்ளே ஒளிந்திருக்கிறது. டிஎன்எஸ் (தளப் பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் சேவை) முகவரியை மாற்றி அதை வெளியே இழுக்கும் தந்திரம் இதே திருப்பிவிடலைப் போலியாகச் செய்வதுதான். அப்படித் திறக்கிறவர்கள், தாங்கள் கேட்கும் தள முகவரிகள் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு வழங்கி வழியே போகின்றன என்பதை மறக்கவேண்டாம். அங்கே கடவுச்சொல் தட்டுவது கூடவே கூடாது.

உள்நுழைவுப் பக்கம் அந்தச் சிறு உலாவிக்குப் பொருந்தவேண்டும். புதிய சாளரம் திறக்கவோ செயலி பதிவிறக்கச் சொல்லவோ கூடாது. ஒரு பெட்டி, ஒரு பொத்தான். வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் என்ற பொது வைஃபை போல 802.1எக்ஸ் முறையில் அடையாளம் கேட்கும் இணைப்புகளில் ஸ்விட்சால் சேரவே இயலாது. ஸ்டீம் டெக்கால் மேசை நிலையில் இயலும். உங்கள் அரங்கில் அது ஒன்றுதான் என்றால், கைப்பேசி ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்ளுமாறு அறிவிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பழைய கருவிகளுக்காக நாங்கள் வாதாடவில்லை. சோனி பிஎஸ்பிக்கு 2005இல் உலாவி வந்தது: 480×272 திரை, முதல் மாதிரியில் 32 மெகாபைட் நினைவகம், 802.11பி வைஃபை. மேலே சொன்ன சுவரொட்டி ஒன்றே அதன் மொத்த நினைவகத்தைவிடப் பெரியது. அதில் தமிழ் எழுத்துரு இல்லை. இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 பாதுகாப்பும் தெரியாது என்பதால் பக்கம் திறப்பதற்கு முன்பே இணைப்பு அறுந்துவிடும். நிண்டெண்டோ டிஎஸ் இன்னும் மோசம்: 2006இல் ஓப்பரா உலாவியை அட்டையாக விற்றபோது, கருவியின் 4 மெகாபைட் போதாமல் கூடவே நினைவகப் பொதி ஒன்றையும் செருகக் கொடுத்தார்கள். இவற்றுக்காகப் பாதுகாப்பைத் தளர்த்தவேண்டாம்.

கன்சோல் கையில் இல்லாவிட்டாலும் சோதிக்கலாம். மடிக்கணினி உலாவியின் உருவாக்குநர் கருவியில் திரையளவை 1280×650 என்று வையுங்கள். சுட்டியைத் தொடாமல், டேப் விசையும் என்டரும் மட்டும் கொண்டு முகப்பிலிருந்து ஒரு நிகழ்ச்சிக்குப் பதிவு செய்து முடிக்கப் பாருங்கள். எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று கட்டம் காட்டவில்லையா? யாரோ அந்தக் கோட்டை அழகுக்காக நீக்கியிருப்பார்கள், திரும்பப் போடுங்கள். சுட்டி பட்டால் மட்டுமே விரியும் பட்டியல் இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள். பிறகு அகலத்தை 480க்குக் குறைத்துப் 'பதிவுசெய்துகொள்ளலாம்' போன்ற நீண்ட சொல் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். போனால் நீண்ட சொல்லை மடிக்கச் சொல்லும் ஓவர்ஃப்ளோ-ராப் (overflow-wrap) என்ற சிஎஸ்எஸ் வரியைச் சேர்க்கவேண்டும்.

ஸ்டீம் டெக் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்டீம் பொத்தானை அழுத்தி, பவர் பட்டியலில் மேசை நிலைக்கு மாறுங்கள். டிஸ்கவர் செயலியில் ஃபயர்ஃபாக்ஸை நிறுவுங்கள். வலப்பக்கத் தொடுபலகை சுட்டி, ஆர்2 சொடுக்கு, எல்2 வலச்சொடுக்கு. அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் கேட்கும் பதிவுப் பக்கமானால் கியூஆர் குறியைத் திரையில் காட்டிக் கைப்பேசியால் வருடுவதே எளிது. அந்தக் குறி உருட்டாமலே முழுதாகத் தெரியவேண்டும். உங்கள் பக்கத்தில் தெரிகிறதா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. நிகழ்ச்சிப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்: சுவரொட்டிக்கு மேல் ஐந்து வரி, எழுத்து 22 பிக்சல், தளமே அனுப்பும் எழுத்துரு. அடுத்த ஏப்ரலுக்குள் முடியக்கூடிய வேலை.

இப்படிக்கு,
கையடக்க கன்சோலில் தமிழ் படிக்கும் வாசகர்கள் சிலர்,
சிங்கப்பூர்