மௌனப் பட வரிசையை நரகத்திலிருந்து தொடங்குங்கள்

திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். மௌனப் பட வரிசை என்று நீங்கள் அறிவித்ததுமே பட்டியல் எனக்குத் தெரிந்துவிடுகிறது. சாப்ளின், கீட்டன், க்ரிஃபித், ஐசன்ஸ்டைன், முடிவில் ஒரு ஜெர்மன் பேய்ப்படம். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். அடுத்த முறை இவற்றுக்கெல்லாம் முன்னால் 1911இல் வந்த இத்தாலியப் படமான 'லின்ஃபெர்னோ'வைப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இத்தாலியக் கவிஞர் தாந்தே தானே நரகத்தைச் சுற்றிப் பார்ப்பதாக எழுதிய காவியத்தில் நரகப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்ட படம் இது. பத்து நிமிடம், கால் மணி நேரப் படங்களே வழக்கமாக இருந்த நாளில், மிலானோ ஃபிலிம்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை எடுத்தது. இயக்குநர்கள் மூன்று பேர். 1911 மார்ச்சில் நேப்பிள்ஸின் மெர்கதாந்தே அரங்கில் முதல் காட்சி. இவர்கள் பொறுமையாக வேலை பார்த்துக்கொண்டிருக்க, ஹீலியோஸ் என்ற சின்ன நிறுவனம் அதே கதையை அவசரமாகக் குறும்படமாக எடுத்து முந்திக்கொண்டது. போட்டிப் படம் விடும் பழக்கம் அன்றே இருந்திருக்கிறது!

"அதுதான் இணையத்தில் கிடக்கிறதே" என்பீர்கள். கிடக்கிறது, சரி. ஆனால் செல்போனில் பார்த்தால் இந்தப் படம் செத்துவிடும். இதில் கேமரா யாருடைய முகத்தையும் நெருங்கிப் போவதில்லை. தள்ளி நின்று பாறை, பள்ளம், புகை, அதற்குள் நெளியும் உடல்கள் என மொத்தத்தையும் ஒரே சட்டகத்தில் காட்டுகிறது. குஸ்தாவ் டோரே இந்தக் காவியத்துக்கு வரைந்த ஓவியங்களை முன்மாதிரியாக வைத்து அமைத்த காட்சிகள் அவை. காற்றில் அடித்துச் செல்லப்படும் காதலர்கள், வெட்டிய தன் தலையை விளக்குபோலக் கையில் ஏந்தி வரும் மனிதன், பனிக்கட்டியில் புதைந்தபடி எதிரியின் மண்டையைக் கடிக்கும் உகோலினோ எல்லாம் உள்ளங்கைத் திரையில் வெறும் புள்ளிகள். உகோலினோவாக நடித்தவர் இயக்குநர்களில் ஒருவரான ஜுசெப்பே தெ லிகுவோரோ. உகோலினோ தன் கதையைச் சொல்லும்போது படம் பின்னோக்கிப் போய், கோபுரச் சிறையில் பிள்ளைகள் பட்டினியால் சாவதைக் காட்டுகிறது. அந்த இடத்தில் மட்டுமாவது அரங்கம் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குறையும் உண்டு. தாந்தேயாக வருபவர் எதைக் கண்டாலும் கையைத் தூக்கித் திகைக்கிறார். நாலாவது முறை அரங்கில் யாராவது சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இனி திரையிடும் விதம். குறைவான வேகத்தில் எடுத்த அந்தக் காலப் படங்களை இன்றைய வழக்கப்படி நொடிக்கு 24 சட்டகம் என்று ஓட்டினால் பாவிகள் பேருந்தைப் பிடிக்க ஓடுவதுபோல ஆகிவிடும். வேகத்தை முதலில் சரிபாருங்கள். அப்புறம் இசை. பின்னாளில் டேஞ்சரின் ட்ரீம் குழு போட்ட மின்னணு இசையோடு ஒரு பதிப்பு உண்டு. எனக்கு அது படத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததாகப் பட்டது. ஒரு ஹார்மோனியமோ வயலினோ போதும். நரகவாசிகள் ஆடையில்லாமல் வருவார்கள். அதற்குப் பயந்து படத்தை மங்கலாக்கிவிடாதீர்கள்.

காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகளுக்கு அடியில் தமிழ் வரி ஓட்டுவதைவிட, ஒருவரை மேடையோரம் நிற்க வைத்து வாசிக்கச் சொல்லலாம். இந்தப் படத்தில் அட்டை முதலில் நடக்கப்போவதைச் சொல்லிவிடும், பிறகுதான் காட்சி வரும். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலைதான். மௌனப் பட நாளில் நம் ஊர்க் கொட்டகைகளிலும் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருந்தார். நல்ல குரலுள்ள கூத்துக் கலைஞர் ஒருவரைக் கேட்டுப்பாருங்கள், அவருக்குரிய சம்பளத்தைக் கொடுத்து.

பிரதிக்குப் பொலோஞா நகரின் திரைப்படக் காப்பகத்துக்கு எழுதுங்கள். படத்தைச் சீரமைத்தவர்கள் அவர்கள்தான். இணையத்தில் கிடைக்கும் தேய்ந்த பிரதியை இறக்கிப் போடுவதாக இருந்தால் எனக்கு அழைப்பு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பின்வரிசைப் பார்வையாளன்