கைரேகையைப் பூட்டியவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

காவிரிப் படுகை மாவட்டங்களின் வங்கிக் கிளை மேலாளர்களுக்கும் முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும் வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இ-சேவை மையம் நடத்தி வருகிறேன். கூலி வேலையோடு இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் அக்கா ஒருவர், தான் வாங்காத குழுக்கடனுக்குத் தவணை கேட்டு ஆள் வந்து நிற்பதாகச் சொல்லி ஒரு நாள் என்னிடம் வந்தார். எங்கோ கொடுத்த ஆதார் நகலை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். அடுத்து ரேகையையும் அப்படி யாரும் தவறாகப் பயன்படுத்தாதிருக்க, அவருடைய கைரேகையையும் கருவிழிப் பதிவையும் ஆதார் தளத்தில் பூட்டிக் கொடுத்தவன் நான்தான். பூட்டினால், மீண்டும் திறக்கும்வரை அந்த ரேகையை வைத்து யாரும் ஆதாரைச் சரிபார்க்க முடியாது. அந்த வசதியை, ஆதாரை வழங்கும் தனித்துவ அடையாள ஆணையமே எல்லோருக்கும் தந்திருக்கிறது.

குறுவை அறுவடை வந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில்தான் வரும். அதுவரை கணவரின் கணக்கை நம்பியிருந்து, அவர் மறைந்தபின் தன் பெயரில் ஒன்று தொடங்கப் போன அக்காவின் விரலைக் கருவி ஏற்கவில்லை. பூட்டியிருப்பதை அவர் சொன்னபோது, எதை மறைக்கப் பூட்டினாய் என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு கடன் அறிக்கையைப் பார்த்து, அந்தப் பொய்க்கடனின் நிலுவையைக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எழுத்தில் ஒரு வரி காரணம்கூட இல்லை. நெல், வியாபாரியிடம் குறைந்த விலைக்குப் போயிற்று. "பூட்டுனது தப்பா தம்பி?" என்று அவர் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

சேமிப்புக் கணக்கு கடன் அல்ல. ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அடையாள விதிகளில் கடன் மதிப்பெண் ஒரு நிபந்தனையாக இல்லை. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை ஆகியவையும் அங்கே செல்லத்தக்க ஆவணங்கள். இவை எதுவும் இல்லாதவர்கூட, வங்கி அலுவலர் முன்னிலையில் கையெழுத்தோ பெருவிரல் பதிவோ இட்டு, இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டாத சிறு கணக்கைத் தொடங்கலாம். வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயமாக இணைக்க வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்றே நீக்கிவிட்டது. நாற்றுப் பறித்தும் களையெடுத்தும் ரேகை தேய்ந்த கைகள் எங்கள் ஊரில் ஏராளம். பூட்டே போடாதவர்களும் இதே கருவி முன்னால் தோற்றுத் திரும்புவதை நீங்கள் தினமும் காண்கிறீர்கள்.

கடன் அறிக்கையில் உள்ள பிழையைத் திருத்தவும் வழி உண்டு. சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் அந்த முப்பது நாள் வரை அறுத்த நெல் ஈரத்தோடு காத்திருக்காது. ஆகவே திருத்தம் வரும்வரை கணக்கை நிறுத்தி வைப்பது, திருடு கொடுத்தவரையே தண்டிப்பதாகும்.

ஆதலால் உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: கைரேகை பொருந்தாதபோது மற்ற ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். பூட்டைச் சந்தேகத்தின் அடையாளமாகக் கருதாதீர்கள். சேமிப்புக் கணக்குக்குக் கடன் அறிக்கையைப் புரட்டுவதை நிறுத்துங்கள். மறுத்தே தீர வேண்டுமென்றால் காரணத்தை எழுதி, கையொப்பமிட்டு, விண்ணப்பித்தவர் கையில் கொடுங்கள். அந்தத் தாள் இருந்தால்தான் அவர் உங்கள் மேலதிகாரியிடமோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமோ போய் நிற்க முடியும்.

சம்பா அறுவடைக்கு முன் அக்கா அதே கிளைக்கு மீண்டும் வருவார். வாக்காளர் அட்டையும் வேலை அட்டையும் அவர் கையில் இருக்கும். பூட்டைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மைய நடத்துநர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்