நெல்லுக் கணக்கும் வைரக் கணக்கும்

முள்ளியவளை
2025 ஆவணி

அன்பின் ரூபன்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. சிறுபோக நெல் வெட்டு தொடங்கியதால் பகலில் வயல், பின்னேரம் கடை என்று நாள் ஓடியது. இன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, கடையைப் பூட்டிவிட்டு ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். அம்மா சுகம், முழங்கால் நோவு மட்டும் விட்டபாடில்லை. நீ அனுப்பிய தைலத்தைத்தான் இரவில் பூசுகிறா.

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடைக்கு நீ அனுப்பிய கார்டில் என்ன வாங்கினேன் என்று கேட்டிருந்தாய். ஊர் கட்டிப் படை நடத்தும் எங்கள் பழைய கணினி கேம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, புதுப்பித்த டெபினிட்டிவ் எடிஷன். கூடவே 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற மேலதிகப் பொதி. 30 ஜிபி இடம் கேட்டது. இரவு டேட்டாவில் நான்கு நாள் இறங்கியது. ஐந்தாம் நாள் திராவிடர் என்ற இனத்தை எடுத்து, ஒரு குடியானவனின் மேல் கிளிக் பண்ணினேன். தமிழில் பதில் சொன்னான், மச்சான். கொஞ்ச நேரம் வேறொன்றும் செய்யாமல் அவனையே திரும்பத் திரும்பத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுருள்வாள் ஏந்திய வீரர்கள் இருக்கிறார்கள், திரிசடை என்ற பெயரில் கப்பல் இருக்கிறது, ராஜேந்திர சோழனின் படையெடுப்பே தனிக் கதையாக இருக்கிறது. 2011இல் சாதாரண தரப் பரீட்சைக்காக வவுனியாவில் உன் மாமா வீட்டில் நின்றபோது, யானை வேண்டும் என்பதற்காகவே நீ எப்போதும் பாரசீகரை எடுப்பாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு இது இருந்திருந்தால் நாங்கள் பரீட்சைக்குப் போயிருக்கவே மாட்டோம்.

அந்த கேமின் டிவிடியை வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 100 ரூபாவுக்கு வாங்கினோம். திருட்டுக் கொப்பிதான். அப்போது எங்களுக்கு அது திருட்டு என்றே தெரியாது, கேம் என்றால் இப்படித்தான் விற்கும் என்று நினைத்தோம். ஒரு உறைக்குள் முதல் பாகம், இரண்டாம் பாகம், 2000இல் வந்த 'கொன்கரர்ஸ்' விரிவாக்கம் எல்லாம் ஒன்றாக இருந்தன. செய்தவனுக்கு ஒரு சதம் போகவில்லை என்பதை நினைத்தால் இன்று மனம் உறுத்துகிறது. ஆனாலும் வாங்குகிறவனின் கையில் முழுத் தொடரும் ஒரே நேரத்தில் வந்து சேரும் அந்த நிறைவு இருக்கிறதே, அதை முறையாகக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கும் கொடுக்க முடியாதா என்று அடிக்கடி யோசிப்பேன்.

முடியும் என்பதற்கு இந்த கேமே சாட்சி. 1999இல் வந்தது. 2013இல் எச்டி என்று ஒரு முறை புதுப்பித்தார்கள், அதற்கு மேல் மூன்று விரிவாக்கங்களைத் தனித்தனியாக விற்றார்கள். அதில் முதலாவது, ரசிகர்கள் தாங்களாகவே செய்த வேலையிலிருந்து வளர்ந்தது. 2019இல் டெபினிட்டிவ் எடிஷன் வந்தபோது அதுவரை வந்த எல்லாவற்றையும் உள்ளே போட்டு 20 டொலருக்குக் கொடுத்தார்கள். இருபது வருட உழைப்பு ஒரே பொதியில். பிந்தி வந்தவன் எதைத் தவறவிட்டோம் என்று தேடி அலையத் தேவையில்லை. அதன் பிறகு வந்தவற்றுக்குத் தனி விலைதான், திராவிடர் பொதி 2022இல் 10 டொலருக்கு வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். புதிய இனங்கள், புதிய குரல்கள், புதிய கதைகள். யாரோ இருந்து வேலை செய்திருக்கிறார்கள், அதற்குக் கூலி கேட்கிறார்கள்.

இதையே மோசமாகச் செய்தவர்களும் உண்டு. ஜிடிஏ என்ற இன்னொரு பெயர்பெற்ற கேமின் பழைய மூன்று பாகங்களை 2021இல் ஒன்றாகக் கட்டி 60 டொலருக்கு விற்றார்கள். விற்க முன்பே பழைய பதிப்புகளைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியது பிழைகளோடு வந்து விழுந்தது. பிறகு நிறுவனமே மன்னிப்புக் கேட்டு, கணினிக்காரர்களுக்குப் பழையதைத் திருப்பிக் கொடுத்தது. ஒன்றாகக் கட்டுவது நல்ல காரியம். கட்டியதை வாங்க வைப்பதற்காகப் பழையதை ஒளித்து வைப்பது நல்ல காரியமல்ல.

சரி, உன் மகன் கேட்கும் மரியோ கார்ட் வேர்ல்ட் கேமுக்கு வருகிறேன். 80 அமெரிக்க டொலர் என்றதும் உனக்கே தலை சுற்றியதாக எழுதியிருந்தாய். அதை விளையாடத் தேவையான ஸ்விட்ச் 2 கருவியை இன்னும் வாங்கவில்லை என்றால் கேமைத் தனியாக எடுக்காதே. 2025 ஜூனில் வந்தபோது அமெரிக்க விலையில் கருவி மட்டும் 450 டொலர், கேமோடு சேர்ந்த பொதி 500. அதாவது சேர்த்து எடுத்தால் கேம் 50 டொலருக்கு வருகிறது. கனடா விலையையும் இப்படிக் கழித்துப் பார்த்துவிட்டு எடு.

இங்கே இந்த விலைகளை நான் நெல்லில்தான் போட்டுப் பார்ப்பேன். பெரிய நிறுவனங்களின் புதிய கேம் 2020 வரை 60 டொலர், பிறகு 70. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. இந்த வருடம் பெப்ரவரியில் அரசாங்கம் 'நாடு' என்ற நெல் வகைக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. 175 கிலோ நெல், மச்சான். ஒரு கேமுக்கு இரண்டரை மூடை. 2022 நெருக்கடிக்கு முன் டொலர் 200 ரூபா அளவில் நின்ற காலத்தில் இதே 70 டொலர் 14,000 ரூபாதான். கேமின் விலை அங்கே ஒரு சதமும் ஏறாமல் எங்களுக்கு மட்டும் பாதி மடங்கு ஏறியது. ஸ்டீமில் எங்கள் நாட்டுக்கு ரூபா விலை கிடையாது. தெற்காசியாவுக்கென்று ஒரு டொலர் விலை இருக்கிறது, அதைக் குறைத்துப் போடுவதும் போடாததும் வெளியிடுகிறவரின் விருப்பம். குறைத்துப் போடுகிறவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவர்களிடம்தான் வாங்குகிறேன்.

விலை கூடியதுகூட எனக்குப் பெரிய கோபமில்லை. 21,000 என்று முகத்துக்கு நேரே சொன்னால், வேண்டாம் என்று திரும்பி வரலாம். 2023இல் ஸ்டார்ஃபீல்ட் என்ற கேம் வந்தபோது 70 டொலருக்கு ஒரு பதிப்பு, 100 டொலருக்கு இன்னொன்று. கூடக் கொடுத்தவர்கள் ஐந்து நாள் முன்னரே விளையாடத் தொடங்கலாம். மொய் கூட எழுதியவனுக்கு முதல் பந்தி என்று எங்கள் ஊர்க் கலியாண வீட்டில் ஒருவன் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆனால் அதிலும் விலை மறைவில்லை.

எனக்குத் தாங்க முடியாதது வேறு. கடையில் ரீலோட் போடுவதால் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். போனில் சுட்டு விளையாடும் ஒரு கேம். இறக்குவது இலவசம். உள்ளே போனால் எல்லாம் வைரம் என்ற கேம் நாணயத்தில்தான் விலை, அதை ரீலோட் காசில் வாங்குவார்கள். எங்கள் ஒழுங்கையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெடியன் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை 300, 500 என்று ரீலோட் போட வருவான். தாய் கொடுத்துவிடுகிறா என்றுதான் நினைத்தேன். போன ஆடியில் தாய் கடை வாசலில் வந்து நின்று, பசளைக்கு வைத்த 18,000 ரூபா எங்கே போனது என்று கேட்டா. அவனைக் கூப்பிட்டு, அடிக்கக் கூடாது என்று தாயிடம் சொல்லிவிட்டு, மெல்லக் கேட்டேன். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. 600 வைரத்துக்கு ஒரு உடுப்பு. விற்கும் பொதியோ 500, அல்லது 1000. ஆயிரம் வாங்கினால் 400 மிஞ்சும், மிஞ்சியது வீணாகக் கூடாது என்று இன்னும் 500 வாங்குவான். நடுவில் என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் பெட்டிகள். எவ்வளவு ரூபா போனது என்று கேட்டால், அவன் வைரத்தில் பதில் சொல்கிறான்.

நெல் வெட்டும் மெசின்காரர் வயலில் இறங்க முன்பே ஏக்கருக்கு இவ்வளவு என்று சொல்கிறார். பிடித்தால் வெட்டலாம், பிடிக்காவிட்டால் அடுத்த மெசினைப் பார்க்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விற்கிறவர்கள் அந்த அளவுக்காவது சொல்ல வேண்டாமா? ஐரோப்பாவில் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் இந்த வருடம் மார்ச்சில் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள்: கேமுக்குள் இருக்கும் பொருளின் விலையை உண்மைக் காசிலும் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் நாணயம் வாங்கும்படி பொதிகளைக் கட்டக் கூடாது. பெல்ஜியத்தில் 2018இலேயே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டார்கள். இங்கே யாரும் கேட்காததால் நான் கடைச் சுவரில் ஒரு மட்டை தொங்கவிட்டிருக்கிறேன். பிள்ளைகள் அதிகம் வாங்கும் பத்துப் பொருட்களின் பெயர், எதிரே அவற்றின் ரூபா விலை. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த ரீலோட் வேண்டுமென்றால் தாயோ தகப்பனோ வந்து நிற்க வேண்டும். வியாபாரம் குறைந்துவிட்டது. மட்டையைக் கழற்றப் போவதில்லை. அந்தப் பெடியன் இப்போது பின்னேரத்தில் வந்து என்னோடு திராவிடர் படை நடத்துகிறான். நன்றாகவே விளையாடுகிறான்.

அப்புறம் இன்னொன்று, நாங்கள் வாங்குவது கேமே இல்லை, அனுமதி மட்டும்தான் என்று ஸ்டீம் இப்போது காசு கட்டும் பக்கத்திலேயே எழுதுகிறது. எழுதியது நல்லது. 'த க்ரூ' என்ற கார் ஓட்டும் கேமின் சேர்வரை 2024 மார்ச்சில் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் விளையாட முடியாமல் போனது. வாங்கியவனின் பொருளை அவனுடையதாகவே மதித்ததால்தான் எனக்கு 2007இல் வந்த 'ஒரேஞ்ச் பொக்ஸ்' என்ற தொகுப்பின் மேல் இவ்வளவு மதிப்பு. ஐந்து கேம்கள் ஒரு பெட்டியில், கணினிக்கு 50 டொலர். அதில் ஒன்றான ஹாஃப் லைஃப் 2ஐ ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்கள், இரட்டிப்பாக வந்த பிரதியை ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிடலாம் என்று விட்டார்கள். வவுனியாவில் அந்த டிவிடியை ஒரு கிழமை நீ, ஒரு கிழமை நான் என்று வைத்திருந்தோமே, அதை யாரோ புரிந்துகொண்டு செய்தது போல இருந்தது எனக்கு.

உன் கார்டில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, விலைக்கழிவு வரும்வரை தொடாமல் வைத்திருக்கிறேன். நீயும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை எடு. சனிக்கிழமை இங்கே இரவு எட்டரை என்றால் டொரொன்டோவில் காலை பதினொரு மணி, உனக்கு வேலையும் இல்லை. உன் மகனையும் பக்கத்தில் இருத்து, பெடியனிடமும் சொல்லி வைக்கிறேன். பாரசீகரை நீயே எடுத்துக்கொள்.

அன்புடன்,
சிவா