பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பெறுநர்: பத்தாம் வகுப்பு மாணவ மாணவியரின் பெற்றோர், பாதுகாவலர்கள்

பொருள்: பரிணாமம் குறித்த ஆறு பாடவேளைகளும் காரை–சாத்தனூர் களப்பயணமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

மரபியல் பாடம் முடிந்த கையோடு, அடுத்த மாதம் ஆறு பாடவேளைகளில் உயிரினப் பரிணாமம் நடத்தவிருக்கிறோம். அதைத் தொடர்ந்து ஒரு சனிக்கிழமை பெரம்பலூர் மாவட்டத்துக்குக் களப்பயணம். இந்த அறிவிப்பு வெளியானதும் இரண்டு வகையான கடிதங்கள் வந்தன. பாடநூலில் இல்லாததற்கு, அதுவும் பொதுத்தேர்வு ஆண்டில், நேரம் செலவிடலாமா என்பது ஒன்று. எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுப்பதற்கு எதிரானதைப் பள்ளி சொல்லலாமா என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் பாடநூல். நம் பள்ளி பின்பற்றும் மத்தியப் பாடத்திட்டத்துக்கான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்ற பாடம் பல ஆண்டுகள் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022-இல் பகுதிகளை நீக்கினார்கள். 2023-இல் வந்த புதிய அச்சில் ‘மரபுவழி’ மட்டும் மிஞ்சியது. டார்வின், புதைபடிவங்கள், மனித இனத்தின் தோற்றம் ஆகியவை போய்விட்டன. அந்த ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இந்தப் பாடம் இருக்கிறதே என்பது அரசுத் தரப்பின் பதில். இருக்கிறது, உண்மைதான். ஆனால் பதினொன்றில் வணிகவியலோ கணினி அறிவியலோ எடுக்கும் பிள்ளை அந்தப் பாடத்தை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறிவியல் படிக்கும் கடைசி வகுப்பு பத்தாம் வகுப்பு. அங்கே விட்டால் விட்டதுதான். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பிலேயே ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனிப் பாடம் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நீட் எழுத நினைப்பவர்களுக்கு இது பாடத்திட்டத்துக்குள் வருவது. இப்போதே அடித்தளம் போட்டால் பிறகு எளிது.

தேர்வுக்கு அப்பாலும் இதற்குப் பயன் உண்டு. காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் ஏன் ஒருசேரத் தருகிறார்கள்? நோயாளியின் நுரையீரலில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினைத் தாங்கும் மரபணு மாற்றம் தற்செயலாக அவற்றில் ஓரிரண்டில் இருக்கக்கூடும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, அந்த ஓரிரண்டு மட்டும் பெருகும். ஒரே கிருமி எல்லா மருந்துகளையும் தாங்குவது மிக அரிது என்பதால்தான் கூட்டு மருந்து. இருமல் நின்றதும் மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டால், எளிதில் சாகாத கிருமிகள் எஞ்சி, எதிர்ப்புத்திறன் பெற்றவை பெருகும் வாய்ப்பு கூடுகிறது. இது நம் தெருவில் நடக்கும் பரிணாமம். முதியோருக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் வீடுகளில் வளரும் நம் பிள்ளைகள் இதை அறியாமல் போவது சரியல்ல.

அடுத்தது மத நம்பிக்கை. இதில் பள்ளியின் நிலை தெளிவானது. அறிவியல் பாடவேளையில் அறிவியல் சான்றுகள் காட்டுவதை மட்டும் நடத்துவோம். படைப்பு குறித்துப் பைபிள், திருக்குர்ஆன், புராணங்கள் சொல்வதை அங்கே உயர்த்தவும் மாட்டோம், தாழ்த்தவும் மாட்டோம். ஆசிரியர் எந்த மாணவரிடமும் “நீ இதை நம்புகிறாயா?” என்று கேட்க மாட்டார். “இதற்கு அறிவியல் தரும் விளக்கம் என்ன, அதற்குச் சான்று என்ன?” என்பதுதான் கேள்வி. ஒரு பிள்ளை சரியான விடை எழுதிவிட்டு, தன் வீட்டு நம்பிக்கையோடு வீடு திரும்பலாம். இரண்டு தரப்பையும் சமமாக நடத்தினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. ஒரு பக்கம் புதைபடிவங்களும் டி.என்.ஏ.வும் சோதித்துப் பார்க்கும் வழிகளும் இருக்கின்றன. மறுபக்கம் இருப்பது நம்பிக்கை. சோதனைக்கே உட்படாத ஒன்றைச் சோதனைத் தராசில் வைப்பது அந்த நம்பிக்கைக்கும் மரியாதை ஆகாது.

அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் என்ற சிற்றூரில், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களிடம் உயிர்களை அறிவுள்ள ஒரு சக்தியே வடிவமைத்தது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்றொரு மாற்று விளக்கம் உண்டு எனச் சொல்லும் அறிக்கையை வாசிக்க வேண்டும் என்று 2004 அக்டோபரில் பள்ளி வாரியம் முடிவெடுத்தது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். பெற்றோரின் தரப்பில் முதல் நிபுணர் சாட்சியாக வந்த உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்க நம்பிக்கை உடையவர். அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பில், அது அறிவியல் அல்ல, மதக் கருத்தின் மறுவடிவம் என்றார். தீர்ப்புக்கு முன்பே, நவம்பர் தேர்தலில் மறுபடி நின்ற எட்டு வாரிய உறுப்பினர்களும் தோற்றிருந்தார்கள். எதிர்த்தரப்பு வழக்குச் செலவாகப் பள்ளி மாவட்டம் கட்ட நேர்ந்தது பத்து லட்சம் டாலருக்கும் மேல். ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் போக வேண்டிய பணம் அது.

நம் நாட்டிலும் சலசலப்பு உண்டு. 2018 ஜனவரியில் அப்போதைய மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் கொள்கை தவறு என்றார். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்தன. அடுத்த ஆண்டு இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தர், தசாவதாரம் டார்வினைவிட நன்றாகப் பரிணாமத்தை விளக்குகிறது என்றார். இதைப் பிள்ளைகள் வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். தசாவதாரம் பக்தியும் காவியமும் சார்ந்தது. மச்சம், கூர்மம், வராகம் என்ற வரிசை ஏணிபோலத் தெரிவதால் அது பரிணாமம் ஆகிவிடாது. பரிணாமம் ஏணி அல்ல. ஒன்றிலிருந்து பல கிளை பிரிவது. மீனும் இன்றுவரை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆசிரியர்கள் சொல்லப்போகும் பதில் இவ்வளவுதான்.

கைப்பேசியில் பிள்ளைகள் பார்க்கும் காணொளிகள் குறித்தும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பைபிளின் படைப்புக் கதையை அப்படியே வரலாறாக ஏற்பவர்கள் 2007-இல் ‘படைப்பு அருங்காட்சியகம்’ திறந்தார்கள். 2016-இல் 510 அடி நீளத்தில், பைபிளின் பெருவெள்ளக் கதையில் வரும் கப்பலான நோவாவின் பேழையை மரத்தில் கட்டித் திறந்தார்கள். பூமிக்கு ஏறத்தாழ 6,000 வயதுதான் என்பது அவர்களின் வாதம். பேழைக்குள் கூண்டில் டைனோசர் உருவங்களும் இருக்கின்றன. மாநில அரசு வரிச்சலுகை தரலாமா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது, சலுகை பெறலாம் என்றே தீர்ப்பாயிற்று. கட்டுமானம் மிக நேர்த்தியானது. ஆபத்தும் அங்கேதான். நல்ல விளக்கொளி, பெரிய உருவம், கண்ணாடிப் பேழை, அடியில் ஒரு பெயர்ப்பலகை என்று இருந்தால் எதுவும் அருங்காட்சியகப் பொருளாகத் தோன்றும். உங்கள் பிள்ளை அத்தகைய காணொளியைக் காட்டினால் தடுக்க வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: இது தோண்டி எடுத்த பொருளா, செய்துவைத்த உருவமா? எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது? வயதை எப்படிக் கண்டார்கள்? நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய் நின்றாலும் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

இனி வகுப்பறை. முதல் பாடவேளையில் தரையில் ஒரு நாடா விரிப்போம். 1 செ.மீ. என்பது 1 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 செ.மீ. அதாவது நாலரை மீட்டர். இன்றைய முனையிலிருந்து 350 செ.மீ. தொலைவில் உயிரின் பழைய தடயங்கள். 6.6 செ.மீ.யில் டைனோசர்களின் முடிவு. சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் 1.5 மில்லிமீட்டரில். நம் இனம் தோன்றியது 0.3 மில்லிமீட்டரில், பென்சில் கோட்டின் தடிமனுக்குள். இங்கே வழக்கமாக நேரும் பிழை மில்லியனும் கோடியும் குழம்புவது. ஆங்கில நூலில் 100 மில்லியன் என்பதை 100 கோடி என்று குறித்துவிடுவார்கள். 10 மில்லியன்தான் 1 கோடி என்பதைப் பலகையின் மூலையில் ஆறு நாளும் எழுதியே வைப்போம்.

இரண்டாம், மூன்றாம் பாடவேளைகளில் இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை தப்பிப் பெருகுவது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பூப்போட்ட துணி, நான்கு நிறங்களில் நிறத்துக்கு 25 வீதம் 100 காகித வட்டங்கள். ஒருவர் கலைத்துப் பரப்ப, மற்றவர்கள் இரைதேடும் பறவைபோலக் கண்ணில் முதலில் பட்டதை ஒவ்வொன்றாக எடுத்து 75 வட்டங்களை நீக்க வேண்டும். மிஞ்சிய 25-ல் ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் மூன்று ‘குட்டிகள்’ சேர்த்தால் மறுபடி 100. நான்கு தலைமுறை நடத்தி, ஒவ்வொரு தலைமுறையிலும் நிறவாரியாக எண்ணி எழுத வேண்டும். ஒற்றை நிறத் துணி வைத்தால் இரண்டே சுற்றில் எல்லாம் முடிந்துவிடும், படிப்படியான மாற்றம் தெரியாது. வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் கணக்குக் கெடும். ஆனால் பெரிய பிழை சொல்லில் வரும். “தப்பிக்க நிறம் மாறிடுச்சு” என்பார்கள். எந்த வட்டமாவது நிறம் மாறியதா என்று ஆசிரியர் எண்ணிப் பார்க்கச் சொல்வார். ஒன்றுகூட மாறியிருக்காது. கூட்டத்தில் நிறங்களின் விகிதம்தான் மாறியிருக்கும். தேவைக்காக உயிர் தன்னை மாற்றிக்கொள்கிறது என்ற தவறான எண்ணம் இந்தத் துணியின் மேல் உடைந்தால், பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

நான்காம் பாடவேளை மனித இனம். குரங்கு மனிதனானது என்று எந்த உயிரியலாளரும் சொல்வதில்லை. சிம்பன்சியும் நாமும் தாத்தா பேரன் உறவல்ல, ஒரே பாட்டன் வழி வந்த பங்காளிகள். அந்தப் பொது மூதாதை சுமார் 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. சிம்பன்சிக்கு 24 இணைக் குரோமோசோம்கள் (செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகள்), நமக்கு 23. நம் மூதாதையரில் இரண்டு ஒட்டி ஒன்றாகியிருந்தால் இது பொருந்தும். நம் இரண்டாம் எண் குரோமோசோமில் அந்த ஒட்டு தெரிகிறது. நடுவில் இருக்கக்கூடாத முனைத் துணுக்குகளும், செயலிழந்த இரண்டாவது மையப்பகுதியும் அங்கே இருக்கின்றன. ஐந்தாவது வேளையில் வயதுக் கணிப்பு. செத்த உயிரின் உடலில் எஞ்சும் கதிரியக்கக் கார்பன்-14, ஐந்தாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஆகவே 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டதற்கு அது உதவாது. டைனோசருக்குக் கார்பன் கணிப்பு தப்பாக வருகிறது என்று வரும் காணொளிகள் இங்கேதான் வழுக்குகின்றன. பழைய பாறைக்கு யுரேனியம் போன்ற, கோடிக்கணக்கான ஆண்டுகளில் பாதியாகும் தனிமங்களைக் கொண்டு கணக்கிட வேண்டும். ஆறாவது வேளை முழுவதும் கேள்விகளுக்கு.

களப்பயணத்தில் முதலில் காரை, பிறகு சாத்தனூர். காரையின் செம்மண் ஓடைகளில் நிழலே கிடையாது, ஆகவே காலை 6.30-க்குப் பேருந்து புறப்படும். அங்கே கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் உண்டு. பென்சில் துண்டு போன்றவை பெலெம்னைட், சுருள் சுருளாக இருப்பவை அம்மோனைட். அடுக்கு மாற மாற இனங்களும் மாறும். இந்தப் பகுதிப் பாறைகளை நிலவியலாளர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் தொகுதிகள் என்றே அழைக்கிறார்கள். நம் ஊர்ப்பெயரை உலகப் பாடநூல்களில் ஏற்றியது இந்தப் பாறைதான். சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான கல்மரம் கிடக்கிறது, வயது ஏறக்குறைய 10 கோடி ஆண்டு. கடலுக்கு அடித்து வரப்பட்டு மணலில் புதைந்து, நீரில் கரைந்த சிலிகா மரத்திசுவில் இறங்கி இறுகியதால் கல்லானது. 2020 அக்டோபரில் இதே மாவட்டத்தின் குன்னத்தில் ‘டைனோசர் முட்டைகள்’ என்று படங்கள் பரவின. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட் அடங்கிய உருண்டைக் கற்கள் என்றார்கள். உருண்டையெல்லாம் முட்டையல்ல. ஓட்டின் அமைப்பும் உள்ளடுக்கும் பார்க்காமல் பெயர் வைக்கக்கூடாது என்று பிள்ளைகள் அங்கேயே கற்கட்டும்.

எந்தக் கல்லையும் எடுத்து வரக்கூடாது. 15 செ.மீ. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் குறிப்பேட்டில் இடத்தையும் அடுக்கையும் எழுதினால் போதும். அளவுகோல் இல்லாத படத்தால் பயனில்லை. ஜிப்சம் துண்டுகள் காலைக் கிழிக்கும் என்பதால் மூடிய காலணி கட்டாயம். இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மதிய உணவு கொடுத்தனுப்புங்கள். முதல் நாள் மழை பெய்தால் களிமண் வழுக்கும், பயணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

இந்த ஆறு வேளைகளுக்கும் மதிப்பெண் இல்லை, பொதுத்தேர்வு அட்டவணையிலும் கை வைக்கவில்லை. வகுப்பிலிருந்து விலக்குத் தர இயலாது. ஆனால் எந்தப் பெற்றோரும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வகுப்பில் வந்து அமரலாம். எதிர்க்கருத்து இருந்தால் எழுதித் தாருங்கள், ஆறாவது பாடவேளையில் பெயர் குறிப்பிடாமல் அதை எடுத்துப் பேசுவோம். பயண ஒப்புதல் சீட்டில் பிள்ளையின் ஒவ்வாமை, ஆஸ்துமா விவரங்களை நிரப்பி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்