கிளாஸ்கோ கூதலுக்கு எந்த கிரீம், அம்மிணி?

பெருந்துறை
மார்கழி 4

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ வாட்ஸப்புல அனுப்புன நாலு போட்டோவும் பார்த்தேன். மூணு டப்பா, ஒரு கால். மொதல்ல காலைப் பத்திச் சொல்லிர்றேன். மொளங்காலுக்குக் கீழ முன்பக்கம் சாம்பல் பூத்தாப்ல வெளுத்து, வத்துன கொளத்து வண்டல் மாதிரி கட்டங்கட்டமா வெடிச்சிருக்குது. செவப்பில்ல, நீர் கசியல, பொருக்குத் தட்டல. இப்போதைக்கு வெறும் வறட்சிதான், வெசனப்படாத. ஆனா சொறிஞ்சராத. நம்ம நெறத்துத் தோல்ல சொறிஞ்ச எடம் ஆறுனாலும் கறுப்பு அடையாளம் மாசக்கணக்குல நிக்கும்.

டப்பாவுக்கு வர்றேன். "எது நல்ல பிராண்டு"ன்னு கேட்டிருக்கற. பிராண்டை உட்டுட்டு, பின்னால பொடி எழுத்துல இருக்கறதைப் படி. சேர்த்த பொருளெல்லாம் எடை எச்சா இருக்கறதுல ஆரம்பிச்சு கம்மியா இருக்கறது வரைக்கும் வரிசையா எழுதியிருக்கும். ஒரு சதவீதத்துக்குக் கீழ இருக்கறதுகளை மட்டும் எப்படி வேணும்னாலும் மாத்தி எழுதிக்கலாம். அதனால மொத அஞ்சாறு பேரைப் படிச்சாப் போதும். கடைசியில தலை நீட்டற பாதாம் எண்ணெயும் கத்தாழையும் முன்பக்கப் படத்துக்காகப் போட்ட சொட்டு.

கோயமுத்தூர்ல இருந்தப்ப அந்த நீல ஜெல்லே உனக்கு எச்சு. கிளாஸ்கோவுல அது ஏன் ஆகலைன்னா, தப்பு ஜெல் மேல இல்ல, காத்து மேல. நம்மூர்ல 18, 19 டிகிரி வந்தாலே ஸ்வெட்டர் தேடறோம், ஆனா காத்துல ஈரம் கெடக்குது. கூதக் காத்துக்கு ஈரம் புடிக்கற சக்தி கம்மி. பூஜ்ய டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து 5 கிராம் தண்ணிகூடத் தாங்காது. அதே காத்து உன் ரூமுக்குள்ள வந்து ரேடியேட்டர் சூட்டுல 21 டிகிரி ஆகறப்ப, அதுக்கு 18 கிராம் தாங்கற வயிறு வந்துருது. உள்ள இருக்கறதோ அதே 5 கிராம். ஈரப்பதம் 26, 27 சதவீதத்துக்கு எறங்கிரும். மிச்சத்துக்கு அது கண்ட எடத்துல, உன் மேலுல இருந்தும், உறிஞ்சும். நீ வெளிய கூதல்ல காயறதைவிட உள்ள ஈட்டர் பக்கத்துல ஒக்காந்துதான் எச்சாக் காயற.

தோலோட மேல்படை செங்கல் சுவரு மாதிரி. செத்த செல்லுக செங்கல், நடுவுல பூசுன கலவை கொழுப்பு: செராமைட், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்க. அந்தக் கலவை உதுந்தா உள்ள இருக்கற தண்ணி சந்து வழியா ஓடிரும். மாய்ஸ்ச்சரைசர்ங்கறது இதுல மூணு வேலை செய்யோணும். கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம், யூரியா இதெல்லாம் தண்ணியைப் புடிச்சு நிறுத்தறது. செராமைட், ஸ்குவாலேன், செட்டைல் ஆல்கஹால் இதெல்லாம் சந்தை அடைச்சு சொரசொரப்பை மழுக்கறது. பெட்ரோலாட்டம் (அதான் நம்ம வாஸ்லின்), லானோலின், டைமெத்திகோன் இதெல்லாம் மேல மூடி போடறது. வெயில்காலத்துக்கு மொத வேலை மட்டும் நடந்தாப் போதும். அங்க மூடி இல்லாம ஒண்ணும் நிக்காது.

இப்ப உன் மூணு டப்பா. நீல ஜெல்லுல தண்ணி, கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம், அதுக்கப்புறம் பேருக்குக்கூட எண்ணெய்ப்பசை இல்ல. காஞ்ச தோல்ல காஞ்ச ரூம்ல இதை மட்டும் பூசுனா, புடிச்ச தண்ணி மேல போயிரும், அரை மணியில முன்னைவிட இழுத்துப் புடிக்கும். நீ "எரியுது, இழுக்குது"ன்னது இதுதான். ரெண்டாவது, பம்பு வெச்ச லோஷன். பாதிக்கு மேல தண்ணி, நல்லாப் பரவும், சீக்கிரம் உள்ள போயிரும். அந்தச் சுகத்துக்கு வெலை, காலைல பூசுனது மத்தியானத்துக்குள்ள தீந்துரும். அதோட வாசனை சேர்த்திருக்குது, வெடிச்ச காலுக்கு அது ஆகாது. ஜூன் மாசத்துக்கு எடுத்து வெய்யி. மூணாவது, அகலமான டப்பா: தண்ணி, கிளிசரின், பெட்ரோலாட்டம், செட்டியரில் ஆல்கஹால், பொறவு டைமெத்திகோன், செராமைட். மூணு வேலைக்கும் ஆள் இருக்குது. மேலுக்கு இதை வாங்கு. ஆல்கஹால்னு இருக்குதேன்னு பயந்துராத. செட்டைல், செட்டியரில், ஸ்டியரில்னு முன்னால வந்தா அது மெழுகு மாதிரி கொழுப்பு. 'ஆல்கஹால் டெனாட்'னு மொத அஞ்சு பேருக்குள்ள இருந்தாத்தான் காய வெக்கும்.

வாசனை இல்லாத டப்பா வாங்கறப்ப ஒரு நுணுக்கம் இருக்குது. 'அன்சென்டெட்'னு போட்டிருந்தா, மூலப்பொருளோட வாடையை மறைக்க இன்னொரு வாசனை சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ'ங்கறதைத் தேடு, பட்டியல்ல 'பர்ஃபம்' இல்லைங்கறதையும் பாத்துக்கோ. 'டெர்மடாலஜிகலி டெஸ்டட்'னு எழுதறதுக்கு ஒரு திட்டமான அளவுகோல் கெடையாது. அதுக்குன்னு எச்சா ரெண்டு பவுண்டு குடுக்காத.

மூஞ்சிக்கு மட்டும் வேற கணக்கு. மெதுவான ஃபேஸ்வாஷ்ல கழுவிட்டு ஒண்ணும் பூசாம ஒரு மணி நேரம் இரு. மூக்கும் நெத்தியும் மினுங்கி கன்னம் இழுத்துச்சுன்னா ரெண்டுங்கெட்ட தோல். எல்லாமே இழுத்தா வறண்டது. ஊர்ல எண்ணெய் வடிஞ்சுதுங்கறதை வெச்சு முடிவு பண்ணாத, அங்கயே பாரு. ரெண்டுங்கெட்டதா இருந்தா அந்த நீல ஜெல்லைத் தூக்கிப் போட வேண்டாம். ஈர மூஞ்சியில ஜெல்லு, அதுக்கு மேல கன்னத்துக்கும் வாயைச் சுத்தியும் மட்டும் கிரீம். நெத்திக்கு ஜெல்லே போதும். பருவுக்கு ராத்திரி அடாபலீனோ ரெட்டினாலோ போட்டுக்கிட்டிருந்தா, மார்ச் வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கு. மொதல்ல கிரீம், பத்து நிமிசம் கழிச்சுப் பட்டாணி அளவு மருந்து. புது டப்பா எதுவானாலும் மூஞ்சிக்குப் போறதுக்கு முன்னால மொளங்கை மடிப்புல ஒரே எடத்துல ஒரு வாரம் காலைலயும் ராத்திரியும் பூசிப் பாரு. ஒரே நாள்ல தெரியாத அரிப்பு அஞ்சாம் நாள் வரும்.

எத்தனை பூசறதுங்கறதுலதான் முக்காவாசிப் பேரு ஏமாந்து போறாங்க. கிரீம் வேலை செய்யலைன்னு சொல்றவங்களை "எவ்வளவு பூசுனீங்க"ன்னு கேட்டா, கடுகு மாதிரி எடுத்து காலு பூரா இழுத்திருப்பாங்க. தோல் வைத்தியத்துல இதுக்கு வெரல் அளவுன்னு ஒண்ணு வெச்சிருக்கறாங்க. ஆள்காட்டி வெரல்ல மொத மடிப்புல இருந்து நுனி வரைக்கும் டியூப்ல இருந்து ஒரு கோடு புதுக்குனா அரை கிராம். ரெண்டு உள்ளங்கை பரப்புக்கு அது சரி. மூஞ்சி கழுத்துக்கு ரெண்டரை, ஒரு கைக்கு மணிக்கட்டுக்குக் கீழயும் சேர்த்து நாலு, ஒரு காலுக்குப் பாதத்தோட எட்டு, முன்மேலுக்கு ஏழு, முதுகுக்கு ஏழு. கூட்டிப் பாரு, ஒருக்கா முழு மேலுக்குப் பூச 20 கிராம். 50 கிராம் அழகு டப்பா ரெண்டரை நாளைக்குக்கூட வராது. கை காலுக்கு மட்டும்னாலே 12 கிராம். அதனாலதான் 500 கிராம் டப்பா வாங்கச் சொல்றேன். கை காலுக்கு நாளைக்கு ஒருக்கான்னா நாப்பது நாள், ரெண்டு வேளைன்னா இருபது நாள் வரும். மூடி தொறந்த டப்பாப் படத்துல '12 எம்'னு போட்டிருந்தா தொறந்து 12 மாசம்னு அர்த்தம். வெரல உட்டுத் தோண்டாம, கழுவித் தொடைச்ச ஸ்பூன்ல எடு.

எப்ப பூசறதுங்கறது அதைவிட முக்கியம். தண்ணி வாத்துட்டு வந்து துண்டுல ஒத்தி எடு, தேய்க்காத. மேலு பிசுபிசுன்னு ஈரமா இருக்கறப்பவே, மூணு நிமிசத்துக்குள்ள, மயிரு படுத்திருக்கற தெசையில கீழ்நோக்கி இழுத்துப் பூசு. எதிர்த்தெசையில தேச்சா மயிர்க்கால்ல அடைச்சுச் சின்னக் கட்டி வரும். காஞ்ச பொறவு பூசுனா மூடிதான் இருக்கும், அடியில அடைச்சு வெக்கத் தண்ணி இருக்காது. தண்ணி வெதுவெதுன்னு போதும், பத்து நிமிசம் போதும். கூதலா இருக்குதுன்னு ஆவி பறக்கற தண்ணிக்கடியில நிக்கறது சட்டியில ஒட்டுன நெய்யைக் கழுவற மாதிரி, கலவையையே கரைச்சு எடுத்துரும்.

சோப்புல உனக்குத் தெரியாத ஒரு சங்கதி. நம்ம பக்கம் போர்த்தண்ணி உப்பு. சோப்பு நொரைக்கவே நொரைக்காது, நாலு சுத்துத் தேச்சுப் பழகியிருப்ப. கிளாஸ்கோவுக்கு 1859ல இருந்து காட்ரின் ஏரித் தண்ணி வருது, நெம்ப மென்மையான தண்ணி. அதுல கொஞ்சம் தொட்டாலே நொரை பொங்கும். ஊர்ப் பழக்கத்துல போட்டேன்னா அளவுக்கு மீறின சோப்பு தோலு மேல. கக்கம், தொடையிடுக்கு, பாதம், இதுக்கு மட்டும் சோப்பு. கை காலுக்கு வெறுந்தண்ணியே போதும். பீர்க்கன் நாரை மார்ச் வரைக்கும் ஆணியில மாட்டி வெய்யி. உங்கம்மா குடுத்து உட்ட அரப்பும் கடலைமாவும் தலையோட நிக்கட்டும். அரப்புத் தழையில இருக்கறதும் சோப்பு மாதிரி நொரைக்கற சாபோனின்தான், எண்ணெயை எடுக்கறப்ப தோலோட சொந்தப் பசையையும் சேர்த்து எடுத்துரும்.

காங்கேயத்துத் தேங்கா எண்ணெயை என்ன பண்றதுன்னு கேட்டிருந்த. அது 24 டிகிரிக்குக் கீழ கட்டியாயிரும், உள்ளங்கையில வெச்சா உருகும், அது பாதகமில்ல. அதுல தண்ணி புடிக்கற வேலைக்கு ஆள் இல்ல. ஈரமேலுல பூசுனா மூடி மாதிரி நிக்கும், காஞ்ச மேலுல பூசுனா மினுமினுப்புதான். கை காலுக்குப் போட்டுக்கோ. மூஞ்சிக்கு வேண்டாம், துவாரத்தை அடைச்சுப் பரு வரும். அங்க கெடைக்குதேன்னு ஆலிவ் எண்ணெயைப் பூசிராத. அதுல எச்சா இருக்கற ஒலீயிக் அமிலம் அந்தக் கலவையையே இளக்கிரும்.

உதட்டுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் தடவறது நம்ம பக்கத்து வழக்கம். வெண்ணெய்ல தண்ணியும் பாலும் கலந்திருக்குது, சிக்கு வாடை வரும், அதனாலயே நாக்கு தானா உதட்டுக்குப் போகும். எச்சில் காயக் காய உதடு இன்னும் வெடிக்கும். வெறும் வாஸ்லின் போதும். ஜில்லுன்னு இருக்கற மெந்தால், கற்பூரம் சேர்ந்த பாம் வேண்டாம், அது உறுத்தும், திரும்பத் திரும்பப் போடச் சொல்லும்.

குதிகால் வெடிப்புக்கு யூரியா கிரீம். 5, 10 சதவீதம் ஈரத்துக்கு. 20, 25 சதவீதம் தடிச்ச தோலைக் கரைக்கறதுக்கு. ரத்தம் வர்ற வெடிப்புல யூரியா போட்டா உசுரு போயிரும், மொதல்ல ரெண்டு மூணு நாள் வாஸ்லின் போட்டு மூடி, சந்து கூடுன பொறவு ஆரம்பி. ராத்திரி பூசிட்டுப் பருத்தி சாக்ஸ். உன் மொளங்கால் பக்கத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல இப்ப வேண்டாம்.

அங்க மருந்துக்கடையில மலிவா 'அக்குவஸ் கிரீம்'னு ஒண்ணு கெடைக்கும். அதுல பெரும்பாலும் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்குது, அது சோப்புச் சரக்கு. பூசி உட்டா எரியும், அதைத் தொடாத. பாரஃபின் (வாஸ்லினும் அதுதான்) சேர்ந்த கிரீம் துணியில ஊறுனா அந்தத் துணி சுருக்குனு தீப்புடிக்கும். 2018ல அங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எல்லா எமோலியன்ட்டுக்கும் (தோலை மெதுவாக்கப் பூசற கிரீம், களிம்புக்கெல்லாம்) எச்சரிக்கை குடுத்திருக்குது. பூசுன கையோட அடுப்புகிட்ட நிக்காத, மெழுகுவத்திப் பக்கம் போர்வையை இழுக்காத. தலகாணி உறையை வாரம் ஒருக்கா சுடுதண்ணியில தொவை. அப்பவும் பசை முழுசாப் போகாது, அதனால ஜாக்கிரதை நெரந்தரமா வேணும்.

ஒண்ணு கண்டிப்பா. இங்க இருந்து வர்ற பிள்ளைங்க யாராச்சும் "படைக்கும் அரிப்புக்கும் ஒரே டியூப்"னு குடுத்தா வாங்கிராத. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், இந்த ஸ்டீராய்டுக கலந்த டியூப்தான் அது. நாலு நாள்ல பளபளன்னு ஆகும், நாலு மாசத்துல தோலு காகிதம் மாதிரி மெலிஞ்சு, நிறுத்துனா முன்னைவிடச் செவந்து எரியும்.

ரூமுல ஈரமானி ஒண்ணு வாங்கி வெய்யி, 40 முதல் 50 வரைக்கும் காட்டோணும். கம்மியா இருந்தா ஹியூமிடிஃபையர். ஒரு போசியில தண்ணி ஊத்தி ரேடியேட்டர் மேல வெச்சாக் கொஞ்சம் ஏறும், முழுசா ஈடுகட்டாது. 60ஐத் தாண்ட உடாத, சுவத்துல பூஞ்சை புடிக்கும்.

இந்தக் கணக்குல பத்து நாள், ரெண்டு வேளை. வட்டவட்டமாப் படையாட்டம் வந்தாலோ, மஞ்சளாப் பொருக்குத் தட்டிச் சூடா இருந்தாலோ, ராத்திரி அரிப்புல தூக்கம் போனாலோ பத்து நாள் காத்திருக்காம டாக்டர்கிட்டக் காட்டு. அதுக்குக் கம்மியான சந்தேகத்துக்கு உன் தெரு மூலை மருந்துக்கடைக்காரரே போதும். ஸ்காட்லாந்துல 'ஃபார்மசி ஃபர்ஸ்ட்'ல காசில்லாமப் பாத்துச் சொல்லுவாங்க. டப்பா வாங்குன கையோட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, முன்பக்கம் வேண்டாம்.

அப்பா