மரபணு திருத்திய நெல்: விதைக்கு முன்னால் உத்தரவாதம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணு திருத்திய நெல் ரகங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். அந்த அரிசி உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை நடப்போகிறவர்களின் வரவு செலவு என்னாகும் என்று யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. நான் குடவாசல் வட்டத்தில் கோயில் நிலம் மூன்று மாவும் (மூன்று மா என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர்), இன்னொருவரிடம் வாய்மொழிக் குத்தகையாக மூன்று மாவும் எடுத்துச் சாகுபடி செய்பவள். நெல் அறுத்த வயலில் கோடைக்குப் பருத்தி போடுகிறோம். மரபணு மாற்றிய பயிர் என்று எங்கள் கை தொட்டது அந்தப் பருத்தியை மட்டும்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த பி.டி. பருத்திக்கு 2002ல் அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் பச்சைக் காய்ப்புழுத் தொல்லை குறைந்ததும், மருந்தடிக்கும் செலவு இறங்கியதும் உண்மை. அதை மறைத்துப் பேசக் கூடாது. அப்புறம் தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ என்று சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்காக மறுபடியும் தெளிப்பானைத் தூக்க வேண்டியதாயிற்று. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. ரகத்துக்கு அடங்கவில்லை என்பது 2009ல் குஜராத்தில் தெரிந்தது. இரண்டு மரபணு சேர்த்த அடுத்த விதையையும் அது இப்போது தாண்டிவிட்டது. காய்க்குள்ளேயே இருந்து தின்பதால் வெளியே எதுவும் தெரியாது. காய் வெடிக்கும்போது பஞ்சு கறையாக இருக்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில் அந்தக் கறைக்குத்தான் முதலில் விலை குறையும்.

விதை விலைக்கும் ஒரு கதை உண்டு. தொடக்கத்தில் ஒரு பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி மரபணுவுக்கான உரிமத் தொகை. 2006ல் ஆந்திர அரசு ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்துக்குப் போன பிறகுதான் விலை 750க்கு இறங்கியது. மத்திய அரசு 2015 கடைசியில் விலைக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்து, 2020ல் உரிமத் தொகையை முழுவதுமாக எடுத்தது. 2025ல் 475 கிராம் பொட்டலத்துக்கு உச்ச விலை 901 ரூபாய். அரசு நினைத்தால் குறைக்க முடியும் என்பதை இது காட்டுகிறது. அதுவரை பல வருடம் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பணம் திரும்பவில்லை.

இந்தப் பருத்தி நம் நாட்டில் பெரும்பாலும் வீரிய ஒட்டு விதையாகவே வருகிறது. கொட்டையை எடுத்து வைத்து மறு வருடம் போட்டால் செடி ஒன்றுபோல வராது. ஆகவே தை, மாசியில் கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். குத்தகைக்காரர்களான எங்கள் பெயரில் நில உரிமையைக் காட்டும் சிட்டா இல்லை. அதனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது பெரும்பாடு. கடைக்காரரிடம் விதை, உரம், மருந்து எல்லாம் கடன். அதற்கு ஈடாகப் பஞ்சை அவர் சொல்லும் வியாபாரிக்கே போடுகிறோம். ஏலத்துக்குப் போனால் கிலோவுக்கு நாலு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தே போடுகிறோம். கடனுக்கு வாங்கியதால் பில் கிடையாது. ஒரு வருடம் முளைப்பு பாதிகூட வரவில்லை. கேட்டபோது மண்ணைக் குறை சொன்னார்கள். கையில் பில் இல்லாமல் எந்த அதிகாரியிடம் போய் நிற்பது?

விளைச்சல் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் எங்கள் ஊர்ப் பஞ்சு விலையைப் பார்க்க வேண்டும். 2022ல் குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியது. மறு வருடம் ஏறக்குறைய பாதியானது. எடுப்புக் கூலியோ கிலோவுக்கு 12, 15 என்று ஏறிக்கொண்டேதான் போகிறது, அந்த வெயிலில் குனிந்து எடுக்கும் பெண்களுக்கு அதுவே போதாது. 2025 ஆகஸ்டில் பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியையும் அந்த வருடக் கடைசி வரை நீக்கி வைத்தார்கள். விதைக்குள் எந்த மரபணு இருந்தாலும் இந்த இடிக்கு அது குடை பிடிக்காது.

இப்போது நெல்லுக்கு வருகிறேன். 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு ரகங்களை அறிவித்தார். ஒன்று 'கமலா', நாம் பிபிடி என்று நடுகிற சம்பா மசூரியைத் திருத்தியது. மற்றது உவரையும் வறட்சியையும் தாங்கும் என்கிறார்கள். இரண்டிலும் வேறு உயிரின் மரபணுவைச் சேர்க்கவில்லை, நெல்லில் இருந்ததையே திருத்தியிருக்கிறார்கள். கமலா சுமார் 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்று சொல்கிறார்கள். சம்பாவில் 20 நாள் குறைந்தால் எங்களுக்கு ஆபத்து, பூக்கும் நேரம் ஐப்பசி கார்த்திகை மழையில் மாட்டிக்கொள்ளும். குறுவை அறுத்த பிறகு நடும் தாளடியில் அப்படியில்லை. ஜனவரி 28ல் மேட்டூர் அணையை மூடிய பிறகு கடைசித் தண்ணீருக்கு இன்ஜின் வைத்து இறைக்கிறோமே, அந்த டீசல் காசு மிஞ்சும். பின்னால் போடும் பருத்தியும் முன்கூட்டியே வெடித்துக் கோடை மழைக்குத் தப்பும். அதனால் இந்த நெல்லே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் நெல்லில் இன்றைக்கு எங்களுக்கு இருக்கும் சுதந்திரம் பருத்தியில் இல்லை. நல்ல வயலாகப் பார்த்து அறுத்து, இரண்டு மூட்டை தனியாகக் காயவைத்து எடுத்து வைக்கிறோம். பற்றாதவர்கள் பக்கத்து வீட்டில் நெல்லுக்கு நெல் மாற்றிக்கொள்கிறார்கள். அதை இழக்க நாங்கள் தயாராக இல்லை. கமலா ஒட்டு விதையில்லை, ரகம்தான், ஆகவே எடுத்து வைத்தால் முளைக்கும். ஆனால் இந்தத் திருத்தும் முறைக்கான காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் கம்பெனிகளிடமும் இருக்கின்றன. பருத்தியில் நடந்ததுபோல உரிமத் தொகை ஒருநாள் நெல் விதை விலையில் ஏறுமா என்பதற்கு அரசு இப்போதே பதில் சொல்ல வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. பங்களாதேஷில் பி.டி. கத்தரியை அரசு ஆராய்ச்சி நிறுவனமே ரகமாக வெளியிட்டு, 2014ல் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது. விதையை அவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இங்கே அதே கத்தரியை 2010ல் நிறுத்தி வைத்தார்கள். அதற்கு முன்பு ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டார்கள், தமிழ்நாட்டில் ஒரு கூட்டம்கூட இல்லை. நெல் விஷயத்தில் அப்படி நடக்கக் கூடாது. திருவாரூரிலும் நாகையிலும் கூட்டம் போட்டு, குத்தகைக்காரர்களையும் பெண்களையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39வது பிரிவு விதையை எடுத்து வைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பெயர் அச்சிட்ட பையில் அடைக்காமல் விற்கவும் எங்களுக்கு உரிமை தருகிறது. பதிவு செய்த ரகம் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கேட்கவும் இடம் உண்டு. இந்த உரிமை திருத்திய நெல்லுக்கும் உண்டு என்று அரசாணையில் எழுத வேண்டும். விதை வேளாண் விரிவாக்க மையம் வழியாக, சிட்டா கேட்காமல், சாகுபடி செய்பவர் பெயரில் பில்லோடு வர வேண்டும். இதைச் செய்துவிட்டு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எங்கள் தண்ணீரில் விளைவித்துப் பார்த்துக் கொடுக்கட்டும், தாளடிக்கு என் குத்தகை வயலிலேயே ஒரு மாவில் நடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு குத்தகை விவசாயி,
குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம்